பக்கத்துக் கட்டடமும் நம் வீட்டுக் கரண்ட் பில்லும்: தெருவைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் நான் குடியிருப்பது ஒரு பழைய அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. மேற்குப் பக்கம் ஒரு தனிவீடும் அதன் தோட்டத்தில் பெரிய மாமரமும் இருந்தன. அந்த வீட்டை விற்றார்கள். மரம் போனது. மனை ஒரு வருடம் காலியாகக் கிடந்தது. அப்புறம் அங்கே ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்க, கீழே வண்டி நிறுத்தும் தளம்) நான்கு மாடியுமாகப் புதுக் கட்டடம் எழுந்தது. இந்த மூன்று காலத்திலும் எங்கள் வீட்டுக்குள் எதுவும் மாறவில்லை. அதே ஆட்கள், அதே ஏசி, அதே ஃபிரிட்ஜ். ஆனால் பில் மூன்று விதமாக வந்தது.

மரம் இருந்தவரை கோடையில்கூட இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டுக்குள் நின்றது. மனை காலியாக இருந்த கோடையில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் சேர்ந்து போய்விடும் என்பது தமிழ்நாட்டில் பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். புதுக் கட்டடம் வந்ததும் மேற்கு வெயில் நின்றது. ஆனால் பகலிலேயே ஹாலில் விளக்கு எரிய ஆரம்பித்தது. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்களுடைய ஏசி அவுட்டோர் யூனிட்டுகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

அதிலிருந்து, ஏசி வாங்கப் போகிறேன், வீடு பார்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், முதலில் தெருவைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். கணக்கெல்லாம் சென்னைக்கு, அதாவது வடக்கே 13 டிகிரி அட்சரேகைக்கு. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் வெயில் கணக்கு பெரிதாக மாறாது. காற்றுக் கணக்குதான் ஊருக்கு ஊர் மாறும்.

படி 1: மொட்டை மாடிக்குப் போய்ப் படம் வரையுங்கள்

ஒரு தாள், பேனா, அளவு நாடா, செல்போன். போனில் திசைகாட்டியும், சாய்வுக் கோணம் காட்டும் ஆப்பும் இருந்தால் போதும். திசை பார்க்கும்போது இரும்புக் கைப்பிடிக்கும் தண்ணீர்த் தொட்டிக் கம்பிகளுக்கும் தள்ளி நில்லுங்கள், இல்லையென்றால் திசைகாட்டி தப்பாகக் காட்டும்.

நடுவில் உங்கள் கட்டடம், சுற்றி நான்கு பக்கமும் இருப்பவை என்று மேலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எவ்வளவு தள்ளி இருக்கிறது, எத்தனை மாடி, எதிர்ச் சுவர் என்ன நிறம் என்று எழுதுங்கள். உயரத்துக்கு நாடா பிடிக்க வேண்டாம். மாடிக்கு 3 மீட்டர், மேலே கைப்பிடிச் சுவருக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டில்ட்டையும் ஒரு மாடியாக எண்ணுங்கள்.

காலி மனை இருந்தால் அதைக் காலியாக வரையாதீர்கள். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கே அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு 2. மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம். தெரு அகலமாக இருந்தால் கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் வாங்கலாம். பழைய ஒற்றை மாடி வீடுகளும் அப்படித்தான். இன்று இருப்பதைக் கோடாகவும், பத்து வருடத்தில் வரக்கூடியதைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். "மூணு பக்கமும் ஓப்பன் சார்" என்று காட்டப்படுகிற பிளாட் அஞ்சு வருடத்தில் ஒரு பக்கம்கூட ஓப்பன் இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். ஒவ்வொரு ஜன்னலின் அடி விளிம்பிலும் போனை வைத்து, எதிர்க் கட்டடத்தின் உச்சியைக் குறி பார்த்து, அது எத்தனை டிகிரி மேலே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை மறைப்புக் கோணம் என்று சொல்லிக்கொள்வோம். ஆப் இல்லையென்றால், எதிர் உச்சிக்கும் உங்கள் ஜன்னலுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை இடைவெளியால் வகுத்துப் பாருங்கள். விடை 1 என்றால் 45 டிகிரி, 1.7 என்றால் 60, 2.7 என்றால் 70. இனி வருவதில் பாதிக்கு மேல் இந்த எண்ணை வைத்துத்தான்.

படி 2: வெயில் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது

நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி செங்குத்தாக இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 டிகிரி. அதனால் எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது. மேற்கு ஜன்னலுக்கு: 90-லிருந்து மறைப்புக் கோணத்தைக் கழித்து, 15-ஆல் வகுங்கள். வருவதுதான் நண்பகலுக்குப் பிறகு எத்தனை மணி நேரம் அந்த ஜன்னலில் நேர் வெயில் விழும் என்பது. சென்னையில் சூரிய நண்பகல் கடிகாரப்படி சுமார் 12:10. கிழக்கு ஜன்னலுக்கு மறைப்புக் கோணத்தை 15-ஆல் வகுத்தால், காலை ஆறு மணியிலிருந்து எத்தனை மணி நேரம் கழித்து வெயில் எட்டிப்பார்க்கும் என்று தெரியும். மாதத்தைப் பொறுத்து அரை மணி நேரம்போல முன்பின் ஆகும், அவ்வளவுதான்.

என் படுக்கையறையையே எடுத்துக்கொள்கிறேன். ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து ஏழரை மீட்டர். புதுக் கட்டடத்தின் உச்சி 16 மீட்டர். இடைவெளி, அவர்களுடைய செட்பேக்கும் (சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விடும் இடம்) எங்களுடையதும் சேர்ந்து, 3 மீட்டர். மறைப்புக் கோணம் 70 டிகிரி. 90-ல் 70 போனால் 20, அதை 15-ஆல் வகுத்தால் ஒரு மணி இருபது நிமிடம். அதாவது மதியம் ஒன்றரைக்கெல்லாம் வெயில் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. மனை காலியாக இருந்தபோது மாலை ஆறு மணி வரை இருந்தது. நாலரை மணி நேர வெயிலைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் கட்டடத்தால் தடுத்துத் தந்திருக்கிறார்.

அந்த நாலரை மணி நேரம் எவ்வளவு பெரியது? தெளிவான நாளில் மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டரில் 500 வாட்டுக்கு மேல் விழும். நாலடிக்கு நாலரை அடி சாதாரணக் கண்ணாடி ஜன்னல் என்றால், ஒரு இஸ்திரிப் பெட்டி அறைக்குள் ஓடிக்கொண்டிருப்பதற்குச் சமம். சுவரின் கதை வேறு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெயிலை உடனே உள்ளே விடாது, வாங்கி வைத்துக்கொண்டு ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் தரும். நான்கு மணிக்கு வாங்கியதைப் பத்து, பதினொரு மணிக்குத் தரும். நாம் படுக்கப் போய் ஏசி போடுகிற அதே நேரத்துக்கு.

சன்ஷேடு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். தெற்கில் போதும். டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 53 டிகிரிக்குக் குறையாமல் நிற்கிறது, எனவே இரண்டடி சன்ஷேடு இரண்டே முக்கால் அடி கீழே வரை நிழல் தரும். மேற்கில் நான்கு மணிச் சூரியன் 30 டிகிரியில் நிற்கும். அதே இரண்டடி சன்ஷேடு தருவது ஓரடி நிழல்தான். ஆகவே கிழக்கு, மேற்குச் சுவர்களை அகலமான சன்ஷேடுகூட சரியாகக் காப்பாற்றாது. எதிரே நிற்கும் ஏதோ ஒன்றுதான் காப்பாற்ற முடியும்: கட்டடம், மரம், அல்லது ஜன்னலுக்கு வெளியே தொங்கும் தட்டி.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-ல் வீடுகளுக்காக வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பிலும் இதே எடை இருக்கிறது. நம் அட்சரேகைக்குச் சுவர் வெப்பக் கணக்குப் போடும்போது வடக்குச் சுவருக்கு 0.66, தெற்குக்கு 0.97, கிழக்குக்கும் மேற்குக்கும் 1.16 என்று பெருக்கச் சொல்கிறது. வடக்குச் சுவரைவிட மேற்குச் சுவர் முக்கால் பங்கு கூடுதல் பாரம்.

வடக்கும் தெற்கும் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கு வரும். அன்று நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அதிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பவும் உச்சிக்கு வரும்வரை சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அதனால்தான் அக்னி நட்சத்திர நாட்களில் வடக்கு பால்கனியில் வெயில் விழுகிறது. பயப்பட வேண்டாம், மிக உயரத்தில் நிற்பதால் சின்ன சன்ஷேடே தடுத்துவிடும்.

ஒரு விஷயத்தைப் பக்கத்துக் கட்டடம் பெரும்பாலும் காப்பாற்றாது: கூரை. நடுப்பகல் வெயில் நேராகத் தலையில் விழும்போது எவ்வளவு உயரமான பக்கத்து வீடும் உதவாது. நீங்கள் கடைசி மாடியில் இருந்தால் இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிட்டு, முதல் செலவைக் கூரையில் செய்யுங்கள். வெள்ளை ஓடு பதிப்பதோ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதோ, எதுவானாலும் சரி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

படி 3: தெரு எந்தத் திசையில் ஓடுகிறது

இங்கேதான் மனையின் விலைக்கும் கரண்ட் பில்லுக்கும் உள்ள பொருத்தமின்மை தெரியும்.

கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் வீடுகள் வடக்கையோ தெற்கையோ பார்த்து நிற்கும். திறந்த முகப்பும் பின்பக்கமும் சுலபமாகக் காக்கக்கூடிய திசைகள். தொல்லை தரும் கிழக்கு, மேற்குச் சுவர்கள் பக்கவாட்டுச் சுவர்கள் ஆகிவிடுகின்றன, அவற்றை மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் அண்டை வீடு நிழலில் வைத்துக்கொள்கிறது. நம் வெயிலுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை.

வடக்கு தெற்காக ஓடும் தெருவில் நிலைமை தலைகீழ். முகப்பு கிழக்கோ மேற்கோ பார்க்கும். முகப்புக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர் இல்லை, தெரு இருக்கிறது. ஒன்பது மீட்டர் தெரு, எதிரே சற்றுத் தள்ளி தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும் உள்ள வீடு, உங்கள் வீடு முதல் மாடி என்றால் மறைப்புக் கோணம் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் வரும். கணக்குப் போட்டால் மேற்கு பார்த்த வீட்டில் மாலை ஐந்தேகால் தாண்டி வெயில் அடிக்கும். அதே தெருவின் எதிர்வரிசையில் கிழக்கு பார்த்த வீட்டுக்கு மேற்குப் பக்கம் பின்புறமாக அமைகிறது. அங்கே அடுத்த தெரு வீட்டின் முதுகு நெருக்கமாக நிற்பதால் வெயில் சீக்கிரம் மறையும். ஒரே பில்டர், ஒரே பிளான், ஒரே தெரு, ஆனாலும் இரண்டு வரிசைக்கும் ஏசி பாரம் வேறு. கிழக்கு பார்த்த வீட்டை நம்மவர்கள் தேடுவதற்கு வாஸ்து ஒரு காரணம், ஆனால் நெருக்கமான நகரத்தில் இந்தக் கணக்கும் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது.

மேற்கு பார்த்த வீடு ஏற்கெனவே உங்களுடையது என்றால், தெருவோரம் ஒரு புங்கமரம் வையுங்கள். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும் நேரத்துக்குப் புதுத் தளிர் விட்டு நிறைந்து நிற்கும் மரம் அது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஏராளமான தெரு மரங்களைச் சாய்த்தது. அடுத்த கோடையில்தான் மரங்கள் எவ்வளவு வெயிலைத் தாங்கிக்கொண்டிருந்தன என்று பல தெருக்காரர்களுக்குப் புரிந்தது. மரம் வளரும்வரை பால்கனிக்கு வெளி விளிம்பில் மூங்கில் தட்டி. திரைச்சீலை இதற்கு மாற்று ஆகாது. கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்த பிறகு திரை அதை அறைக்குள்ளேயே தேக்குகிறது.

அக்கிரகாரங்களிலும் பழைய சந்நிதித் தெருக்களிலும் இன்னொரு வழி இருந்தது: அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுச்சுவர். 6 மீட்டர் அகலம், 24 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம் உள்ள வீட்டுக்கு நான்கு சுவரும் சேர்ந்து 240 சதுர மீட்டர். அதில் இரண்டு பக்கச் சுவர்கள் மட்டுமே 192. அவை பொதுச்சுவர் ஆனால் வெயில் படக்கூடிய சுவரில் ஐந்தில் நான்கு பங்கு காணாமல் போகிறது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் முற்றம். இன்று நாம் பொதுச்சுவரையும் விட்டோம், முற்றத்தையும் விட்டோம். மிஞ்சியிருப்பது வெளிச்சமும் வராத, காற்றும் வராத, பைக் மட்டும் நிறுத்தும் ஒன்றரை மீட்டர் சந்து. இரண்டுங்கெட்டான் ஏற்பாடு. மனதில் பட்டதைச் சொல்கிறேன்: சிறு மனைகளில் ஒரு பக்கமாவது அண்டை வீட்டோடு ஒட்டிக் கட்டி, மிச்சமாகும் இடத்தை இன்னொரு பக்கம் ஒரே நல்ல திறப்பாக விட்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லது. தொடர் வீடுகளை அனுமதிக்கும் பகுதிகளில் கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

படி 4: கடல்காற்று உங்கள் வீட்டுக்கு வருகிறதா

சென்னையில் கோடை மதியத்தைத் தாங்க வைப்பது கடல்காற்று. கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். தரைக்காற்று மேற்கிலிருந்து பலமாக அடிக்கும் நாட்களில் தாமதமாக வரும், அந்த நாட்களில்தான் வெயில் உச்சம் தொடும். காற்று வீட்டுக்குள் வந்தால் மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஏசி போடாமல் ஓட்டலாம். ஆனால் வானத்தில் வீசும் காற்று ஜன்னலுக்கு வர வேண்டுமே.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நகரத் தட்பவெப்பத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த டிமோத்தி ஓக், தெருவை ஒரு பள்ளத்தாக்குபோலப் பார்த்தார். இரண்டு பக்கக் கட்டட உயரத்தைத் தெரு அகலத்தால் வகுத்த விகிதம்தான் அவருடைய முக்கிய அளவு. தெருவுக்குக் குறுக்கே காற்று அடிக்கும்போது அந்த விகிதம் சுமார் மூன்றில் இரண்டைத் தாண்டினால், காற்று தெருவுக்குள் இறங்காமல் கூரைகளின் மேலேயே வழுக்கிப் போய்விடும். 9 மீட்டர் தெருவில் 6 மீட்டருக்கு மேல் உயர்ந்தாலே இந்த நிலைதான். சென்னையில் இன்று பெரும்பாலான உட்புறத் தெருக்கள் அதைத் தாண்டிவிட்டன.

கடலை நோக்கி ஓடும் தெரு தப்பிக்கிறது. காற்று குறுக்கே அடிக்காமல் தெருவோடு ஓடி வரும். பெசன்ட் நகரில் கடற்கரை வரை நீளும் தெருக்களில் மாலை ஐந்து மணிக்கு நடந்துவிட்டு, குறுக்குத் தெருவுக்குள் திரும்பிப் பாருங்கள், பத்தடியில் வித்தியாசம் தெரியும்.

வீட்டில் சோதிக்க ஊதுபத்தி போதும். மாலை நான்கு மணிக்கு எல்லா ஜன்னலையும் உள்கதவுகளையும் திறந்து வையுங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஊதுபத்தியைப் பிடித்துப் புகை உள்ளே போகிறதா, வெளியே போகிறதா, சும்மா நின்று சுருள்கிறதா என்று பாருங்கள். ஒரு ஜன்னலில் உள்ளே, இன்னொன்றில் வெளியே என்றால் காற்றோட்டம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னலில் புகை உள்ளே வந்தது, மேற்கில் வெளியே போகாமல் நின்றது. புதுக் கட்டடம் நெருங்கி நிற்பதால் காற்று வெளியேற வழி அடைபட்டிருந்தது. வருகிற வழியைவிட்டு போகிற வழியைச் சரிசெய்தோம்: சமையலறையின் வடக்குப் பக்கம் இருந்த, பல வருடமாக லாஃப்ட் சாமான் மறைத்திருந்த வென்டிலேட்டரைத் திறந்தோம். அன்று மாலையே புகை அந்தப் பக்கம் திரும்பியது.

சந்துப் பக்க ஜன்னல்களில் காற்று சுவரோடு உரசிக்கொண்டு ஓடும், உள்ளே திரும்பாது. அங்கே கதவுபோல் வெளியே திறக்கும் ஜன்னல் போட்டு, காற்று போகும் பக்கத்தில் கீல் வையுங்கள். திறந்த கதவு கையை நீட்டியதுபோல் நின்று காற்றைப் பிடித்து உள்ளே தள்ளும். ஸ்லைடிங் ஜன்னல் இதைச் செய்யாது, அதோடு எப்போதும் பாதிதான் திறக்கும். மேலே சொன்ன ஈகோ நிவாஸ் சம்ஹிதா நம்மைப் போன்ற வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களுக்கு, தளப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய ஜன்னல் வேண்டும் என்கிறது. ஸ்லைடிங் என்றால் திறக்கும் பாதியை மட்டும் எண்ண வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்தால் எத்தனையோ புது பிளாட்டுகள் தேறாது.

படி 5: பகல் வெளிச்சம்

மறைப்புக் கோணம் 60 டிகிரியைத் தாண்டிய ஜன்னலில் வானம் தெரிவது குறைந்துவிடும், பகலில் விளக்கு எரியும். எல்இடி வந்த பிறகு இதில் போகும் கரண்ட் பெரிய தொகை இல்லை. ஆனாலும் நாள் முழுக்க விளக்கொளியில் உட்காருவது மனதுக்கு நன்றாக இல்லை. வழி எளிது: எதிர்ச் சுவரை வெள்ளை ஆக்குவது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கு வரை திருப்பித் தரும், பூசாத சிமென்ட் சுவர் மூன்றில் ஒரு பங்கு தந்தாலே அதிகம். நிழலில் இருக்கும் சந்துக்கு இது பொருந்தும். நேர் வெயில் படும் எதிர்ச் சுவரை வெள்ளை அடித்தால் வெளிச்சத்தோடு சூடும் சேர்ந்து திரும்பி வரும், அங்கே மங்கலான நிறமே நல்லது.

கண்ணாடி முகப்பு இன்னும் ஆபத்து. லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருவில் உள்வளைந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்று 2013-ல் எதிர்த் தெருவில் நின்ற ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது, பிறகு அதற்கு வெளியே வெயில் தடுப்பு மாட்டினார்கள். நம் தெருவில் வரும் தட்டையான கண்ணாடிக் கடைகள் அப்படிக் குவிக்காது, ஆனால் எதிர்வரிசையில் வடக்கு பார்த்து நிம்மதியாக இருந்த வீட்டுக்குள் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

படி 6: அவுட்டோர் யூனிட் தள்ளும் சூடு

ஒன்றரை டன் ஏசி முழுவேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5.2 கிலோவாட் சூட்டை எடுக்கிறது, அதற்காக ஒன்றரை கிலோவாட் கரண்ட் தின்கிறது. இரண்டும் சேர்ந்து ஆறரை கிலோவாட்டுக்கு மேல் வெளியே போகிறது. மூன்று மீட்டர் சந்தில் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு யூனிட் எதிரெதிராக ஊதினால் ஐம்பது கிலோவாட்டுக்கு மேல், வெளியேற வழி இல்லாமல். சூடான காற்று மேலே ஏறும். கீழ் மாடி தள்ளிய சூட்டை மேல் மாடி யூனிட் இழுத்துக்கொள்ளும். யூனிட் இழுக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏசியின் திறன் இரண்டு மூன்று சதவீதம் குறையும். அதாவது கீழ் வீட்டுக்காரர் ஏசி போட்டதற்கு மேல் வீட்டுக்காரர் பில்லிலும் கொஞ்சம் ஏறும்.

யூனிட்டைச் சந்துக்குள்ளோ குழாய் ஓடும் டக்ட்டுக்குள்ளோ வைக்காதீர்கள். தெருப் பக்கம், பின்பக்கம், அல்லது கடைசி இரண்டு மாடிக்காரர்களுக்கு மொட்டை மாடி. அழகுக்காக நெருக்கமான கிரில் போட்டு மூடாதீர்கள்.

நாங்கள் பக்கத்துக் கட்டடத்தாரிடம் பேசினோம். சண்டையாகப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சங்கச் செயலாளரை வீட்டுக்குக் கூப்பிட்டு, இரவு பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து கையை நீட்டச் சொன்னேன். "என்ன சார், அடுப்புகிட்ட நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அடுத்த சர்வீஸின்போது இரண்டு வீட்டார் யூனிட்டை முன்பக்க மூலைக்கு மாற்றினார்கள், குழாய் நீட்டிய செலவில் பாதியை நாங்கள் தந்தோம். மற்ற இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன. சந்துப் பக்கம் பார்த்த எங்கள் சுவருக்கும் அவர்கள் சுவருக்கும் ஒரே பெயின்டரை வைத்து வெள்ளை அடித்தோம்.

படி 7: இரவில் தெரு ஆறுகிறதா

பகலில் சூடான சுவரும் தார்ச்சாலையும் இரவில் வானத்தைப் பார்த்துத்தான் ஆறும். வானம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் ஆறும். தெருவின் நடுவில் நின்றால், கட்டட உயரம் தெரு அகலத்தில் பாதி என்றால் வானத்தில் 71 சதவீதம் தெரியும். சமம் என்றால் 45. இரண்டு மடங்கு என்றால் 24 தான். இதனால் குறுகலான, உயர்ந்த தெருவுக்கு இரண்டு முகம். பகலில் நிழலாகக் குளிர்ந்திருக்கும், இரவில் வெக்கை விடாது. பகலில் மட்டும் திறந்திருக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் அது லாபம். இரவில் தூங்கும் வீட்டுக்கு நஷ்டம். நம் வீடுகளில் ஏசி பெரும்பாலும் இரவில் ஓடுகிறது என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே தனி ஆளாகச் செய்யக்கூடியது குறைவு, தெருவாகச் செய்யக்கூடியது அதிகம். செட்பேக் முழுவதும் சிமென்ட் போடாமல் பாதியை மண்ணாக விடலாம். பேவர் கல் பதிக்கும்போது மரத்தின் அடியைச் சுற்றி இடம் விடச் சொல்லலாம். இரவு வெளிக்காற்று வீட்டைவிடக் குளிர்ந்திருக்கும் நேரத்தைப் பார்த்து, சாதாரணமாக விடியற்காலை மூன்றரை, நான்கு மணியிலிருந்து, ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறக்கலாம்.

படி 8: எதை முதலில் செய்வது

கட்டப் போகிறவர்கள் படி 1-ல் வரைந்த புள்ளிக்கோட்டுப் படத்தை இன்ஜினியர் முன்னால் வையுங்கள். மறைப்பு இல்லாத மேற்குப் பக்கம் குளியலறை, மாடிப்படி, ஸ்டோர் ரூம். அண்டைக் கட்டடம் ஏற்கெனவே நிழல் தரும் பக்கம் படுக்கையறை. எல்லாச் சுவருக்கும் ஒரே மாதிரி செலவு செய்ய வேண்டாம். நிழலில் இருக்கும் சுவருக்கு வெப்பத்தடுப்பு போடும் பணத்தைக் கூரைக்கும் திறந்த மேற்குச் சுவருக்கும் திருப்புங்கள். மாடியில் சோலார் போடுவதாக இருந்தால் தெற்கே உள்ள உயரமான கட்டடத்தைக் கவனியுங்கள். டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் உயர வித்தியாசத்தில் முக்கால் பங்கு தூரம் நீளும், காலையிலும் மாலையிலும் இன்னும் அதிகம். ஒரு ஓரம் நிழல் பட்டாலே வரிசையாக இணைத்த பலகைகள் எல்லாம் சேர்ந்து குறையும்.

வீடு வாங்குகிறவர்கள் ஒரே நாளில் மூன்று முறை போங்கள்: காலை ஒன்பது, மாலை நான்கு, இரவு பத்து. இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பில்டரின் ஆட்கள் காலையில்தான் கூட்டிப்போவார்கள், நீங்கள் மாலையைக் கேளுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தட்டி, ஊதுபத்திச் சோதனை, படுக்கையறையை மாற்றிக்கொள்வது. எங்கள் கீழ் வீட்டுக் குடும்பம் மேற்கு அறையைப் பிள்ளைகள் படிக்கும் அறையாக்கிவிட்டு, வடகிழக்கு அறைக்குப் படுக்கையை மாற்றியது. ஒரு ரூபாய் செலவில்லை.

எதைச் செய்தாலும் மீட்டரில் பாருங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரீடிங் எடுத்துக் காலண்டரில் எழுதுங்கள், நான்கு வாரம். அப்புறம் ஒரே ஒரு மாற்றம் செய்து, இன்னும் நான்கு வாரம். ஏசி 24-லேயே இருக்கட்டும், இல்லையென்றால் எது குறைத்தது என்று தெரியாது. மே மாதத்தை ஜூலையோடு ஒப்பிடாமல் போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்து மனையில் கடைக்கால் தோண்ட ஆரம்பித்த அன்றைய ரீடிங்கையும் எழுதி வையுங்கள். அதிலிருந்து உங்கள் வீட்டு வெயில், காற்று, வெளிச்சம் மூன்றும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியவை.